பூரட்டாதிக்குப் பக்கத்தில் ஒரு கோள்: நட்சத்திர ஒளியில் கோள் தேடப் பழகுவது எப்படி?

பூரட்டாதியில் பிறந்தவர் ஒருவராவது உங்கள் சொந்தபந்தத்தில் இருப்பார். அந்தப் பூரட்டாதி வானத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று அவரிடம் கேட்டுப் பாருங்கள். ஜாதகக் கட்டத்தைத்தான் காட்டுவார்.

நவம்பர் தொடக்கத்தில், மழை விட்ட ஒரு ராத்திரி ஒன்பது மணிக்கு மொட்டை மாடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். உச்சிக்குச் சற்று வடக்கே நான்கு நட்சத்திரங்கள் கட்டில் கால் மாதிரி பெரிய சதுரமாக நிற்கும். மேற்கு ஓரத்து இரண்டும் பூரட்டாதி, கிழக்கு ஓரத்து இரண்டும் உத்திரட்டாதி. வானியலாளர்கள் இந்த வட்டாரத்தைப் பெகாசஸ் என்கிறார்கள். பூரட்டாதியின் இரண்டு நட்சத்திரங்களுக்கும் ஏறக்குறைய நடுவில், சதுரத்துக்குக் கொஞ்சம் வெளியே, வெறுங்கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் ஒரு நட்சத்திரம் உண்டு. பெயர் 51 பெகாசி. சூரியனைப் போன்ற நட்சத்திரம் ஒன்றைச் சுற்றுகிற முதல் கோள் 1995-ல் அங்கேதான் பிடிபட்டது. அதற்கு மேற்கே இன்னும் கொஞ்சம் தள்ளி ஹெச்டி 209458. தன் நட்சத்திரத்தின் முகத்தைக் குறுக்கே கடக்கும்போது பிடிபட்ட முதல் கோள் அங்கே இருக்கிறது. பைனாகுலரில் அந்த நட்சத்திரம் தெரியும்.

இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஹெச்டி 209458-ஐ வைத்துத்தான். ஒரு மடிக்கணினியும் இணையமும் தாளும் பென்சிலும் போதும். தொலைநோக்கி கடைசிப் பகுதிக்குத்தான் தேவை, அதுவும் விருப்பம் இருந்தால்.

முதலில் ஒரு ஏமாற்றம்

கோளை நீங்கள் பார்க்கப் போவதில்லை. கோள் தேடுகிறவர்களில் பெரும்பாலோர் பார்த்ததும் இல்லை. கண்ணுக்குத் தெரியும் ஒளியில் சூரியனோடு ஒப்பிட்டால் வியாழன் நூறு கோடியில் ஒரு பங்கு அளவுக்குத்தான் ஒளிரும். பூமி ஆயிரம் கோடியில் ஒரு பங்கு. வேறொரு நட்சத்திரத்தின் தொலைவிலிருந்து பார்த்தால் கோளும் சூரியனும் ஒரே புள்ளிக்குள் அடங்கிவிடும்.

விதிவிலக்கு இல்லாமல் இல்லை. அதே பூரட்டாதிக்குப் பக்கத்தில் ஹெச்ஆர் 8799 என்று ஒரு நட்சத்திரம். அதைச் சுற்றும் மூன்று கோள்களை 2008-ல் ஹவாயின் கெக், ஜெமினி தொலைநோக்கிகள் நேரடியாகப் படம் எடுத்தன. நான்காவது 2010-ல் வந்தது. அவை வியாழனைவிடப் பல மடங்கு கனமானவை. பிறந்த சூடு ஆறாதவை, நட்சத்திரத்தை விட்டு வெகுதூரம் விலகி நிற்பவை. அகச்சிவப்பு ஒளியில் தாமாகவே மினுங்கியதால்தான் மாட்டின. எல்லாக் கோள்களும் அப்படி ஒத்துழைப்பதில்லை.

அதனால் வேலை கல்லாப்பெட்டிக் கணக்கு மாதிரி. யார் எடுத்தது என்று கண்ணால் பார்க்கவில்லை. ஆனால் மூன்றரை நாளுக்கு ஒருமுறை, அதே மூன்று மணி நேரத்துக்கு, அதே தொகை குறைகிறது. அப்படியானால் வழக்கமாக வந்துபோகிற ஒருவர் இருக்கிறார். யார், எவ்வளவு பெரியவர், எங்கே இருந்து வருகிறார் என்பதை அந்தக் குறைவை வைத்தே சொல்லிவிடலாம். அதைவிடப் பெரிய வேலை, தவறான ஆளைப் பிடித்துவிடாமல் இருப்பது. பின்னால் வருகிறேன்.

சுண்டைக்காய் சோதனை

கணினியைத் திறப்பதற்கு முன் இதை ஒரு தடவை செய்து பார்த்துவிடுங்கள். பத்து சென்டிமீட்டர் விட்டமுள்ள வெள்ளை உருண்டை விளக்கு ஒன்று வேண்டும். வராந்தாவில் மாட்டுகிற பால் கண்ணாடி உருண்டை சரியாக இருக்கும். அறையை இருட்டாக்கி, இரண்டு மீட்டர் தள்ளி செல்போனை நிறுத்துங்கள். ஒளி அளவைக் காட்டும் செயலி ஏதாவது போதும். பிஃபாக்ஸ் என்ற இலவசச் செயலி வரைபடமாகவே காட்டும்.

ஒரு எலுமிச்சம்பழத்தை நூலில் கட்டி விளக்குக்கு வெகு அருகில், போனுக்கும் விளக்குக்கும் இடையே மெதுவாக நகர்த்துங்கள். பழத்தின் விட்டம் 4 சென்டிமீட்டர் என்றால் விளக்கின் விட்டத்தில் பத்தில் நான்கு பங்கு. ஆனால் ஒளி 40 சதவீதம் குறையாது. மறைப்பது பரப்பு, ஆக 0.4-ஐ 0.4-ஆல் பெருக்க வேண்டும். 16 சதவீதம்தான் இறங்கும். பழத்தைப் போன் பக்கமாகக் கொண்டுவந்தால் கணக்கு கெட்டுவிடும். நிஜ வானத்தில் நட்சத்திரம், கோள் இரண்டுமே நம்மிடமிருந்து ஏறக்குறைய ஒரே தொலைவில் இருப்பவை என்பதால் விளக்கை ஒட்டியே நகர்த்துங்கள்.

இப்போது பழத்துக்குப் பதில் ஒரு சுண்டைக்காய். ஒரு சென்டிமீட்டர். சூரியனுக்கு முன் வியாழன் இந்த அளவுதான். ஒளி 1 சதவீதம் குறைய வேண்டும். வரைபடத்தைப் பாருங்கள்: குறைந்ததா, இல்லை விளக்கே சிமிட்டுகிறதா என்று சொல்ல முடியாமல் திண்டாடுவீர்கள். அடுத்து ஒரு கசகசா. சூரியனுக்கு முன் பூமி. முழுதாக 0.01 சதவீதம்கூட இல்லை; துல்லியமாகச் சொன்னால் 0.0084. போன் அசையவே அசையாது.

சுண்டைக்காயில் திண்டாடியது வீண் போகாது. இரைச்சலுக்குள் ஒரு சின்னப் பள்ளத்தைத் தேடுவது எப்படி இருக்கும் என்று கைக்குத் தெரிந்துவிடும்.

2012 ஜூன் 6 காலையில் வெள்ளி சூரியனைக் கடந்ததைச் சூரியக் கண்ணாடி வழியே பார்த்தவர்கள் இந்தக் கடப்பைக் கண்ணாலேயே பார்த்தவர்கள். அன்று கறுப்புப் பொட்டு போலத் தெரிந்த வெள்ளி மறைத்த ஒளி ஆயிரத்தில் ஒரு பங்குதான். வெயில் குறைந்ததாக யாருக்கும் தோன்றவில்லை.

ஒளிப் பதிவை எடுப்பது

கோள் தேடுவதற்கென்றே நாசாவின் டெஸ் விண்கலம் 2018 ஏப்ரலில் ஏவப்பட்டது. நான்கு கேமராக்கள். வானத்தின் ஒரு பட்டையை ஏறத்தாழ 27 நாள் விடாமல் பார்க்கும், பிறகு அடுத்த பட்டைக்குப் போகும். தேர்ந்தெடுத்த நட்சத்திரங்களின் ஒளியை 2 நிமிடத்துக்கு ஒருமுறை எழுதிவைக்கும். இந்தப் பதிவுகள் எல்லாம் இலவசம். யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

நிரல் எழுதும் பழக்கமே இல்லாதவர்கள், பொதுமக்கள் ஆராய்ச்சிக்குக் கைகொடுக்கும் ஜூனிவர்ஸ் இணையதளத்தில் உள்ள பிளானட் ஹன்டர்ஸ் டெஸ் திட்டத்திலிருந்து தொடங்கலாம். வரைபடத்தைத் தளமே காட்டும், பள்ளம் தெரிகிற இடத்தில் நீங்கள் குறி வைக்க வேண்டும், அவ்வளவுதான். பொழுதுபோக்கு என்று நினைத்துவிடாதீர்கள். 2010-ல் தொடங்கிய இதன் முதல் வடிவத்தில் தன்னார்வலர்கள் டெஸ்ஸுக்கு முன் கோள் தேடிய கெப்ளர் விண்கலத்தின் பதிவுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நான்கு நட்சத்திரங்கள் உள்ள ஒரு குடும்பத்தில் ஒரு கோளைப் பிடித்தார்கள். 2012-ல் அது அறிவிக்கப்பட்டது. கணினி தவறவிட்டதை மனிதக் கண் பிடித்தது.

கொஞ்சம் பைத்தான் தெரியும் என்றால் லைட்கர்வ் என்ற இலவச மென்பொருளை எடுங்கள். கூகுள் கோலாபில் ஓட்டினால் கணினியில் எதையும் நிறுவ வேண்டாம். நட்சத்திரத்தின் பெயரைக் கொடுத்துத் தேட ஒரு வரி, இறக்க ஒரு வரி, வரைய ஒரு வரி. ஹெச்டி 209458 என்று தேடி, டெஸ் பதிவுகளில் 2 நிமிட இடைவெளி உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஒரே பதிவுக்குள் இரண்டு கணக்குகள் இருக்கும்: ஒன்று கச்சா ஒளி அளவு, மற்றொன்று கருவியின் பிழைகளைக் களைந்தது. புதியவர்கள் களைந்ததையே எடுத்துக்கொள்ளுங்கள். கச்சா அளவை ஒருமுறை வரைந்து பாருங்கள், விண்கலம் சூடாகிக் குளிர்வது முதல் எல்லாமே நட்சத்திரத்தின் தலையில் விழுந்திருப்பது தெரியும்.

வரைபடம் வந்ததும் கண்ணை ஓட்டுங்கள். நடுவில் ஒரு வெற்றிடம் இருக்கும். விண்கலம் பூமிக்குப் பதிவுகளை அனுப்பிய நேரம் அது. மீதி இடத்தில் தடித்த ஒரு கிடைக்கோடு, அதிலிருந்து சீரான இடைவெளியில் பல்லி வால் போலக் கீழே தொங்கும் பள்ளங்கள். 27 நாளில் ஏழு வர வேண்டும், ஒன்றிரண்டு வெற்றிடத்தில் விழுந்து காணாமல் போயிருக்கலாம். முதல் தடவை அதைப் பார்க்கும்போது ஒரு சிலிர்ப்பு வரும். 150 ஒளியாண்டுக்கும் மேலான தொலைவு. கிளம்பி அத்தனை வருடம் பயணம் செய்து வந்த ஒளியில் ஒரு கோளின் நிழல் அப்படியே பதிந்திருக்கிறது.

இந்தப் பள்ளத்தை 1999 செப்டம்பரில் முதலில் பதிவு செய்தது எவ்வளவு பெரிய தொலைநோக்கி என்று நினைக்கிறீர்கள்? வெறும் 10 சென்டிமீட்டர். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் போல்டர் ஊருக்கு அருகே வண்டி நிறுத்துமிடம் ஒன்றில் அது நிறுத்தப்பட்டிருந்தது. அப்போது ஆராய்ச்சி மாணவராக இருந்த டேவிட் சார்போனோவும் டிம் பிரவுனும் அதைப் பயன்படுத்தினார்கள். அதே காலத்தில் கிரெக் ஹென்றி இருந்த குழுவும் அரிசோனாவிலிருந்து தனியாக அதைப் பிடித்தது. இதில் எனக்குப் பிடித்த பகுதி அதற்குப் பிறகு நடந்தது. நட்சத்திர இடங்களை அளப்பதற்காக 1989-லேயே ஏவப்பட்ட ஹிப்பார்கோஸ் விண்கலத்தின் பழைய பதிவுகளைப் புரட்டிப் பார்த்தால், அங்கேயும் இதே பள்ளங்கள் இருந்தன. யாரும் தேடவில்லை, அதனால் யாருக்கும் தெரியவில்லை.

தட்டையாக்குதல், கவனத்தோடு

ஹெச்டி 209458 சாதுவான நட்சத்திரம். எல்லாம் அப்படி இருக்காது. சூரியனில் கரும்புள்ளிகள் வருவது போல மற்ற நட்சத்திரங்களிலும் புள்ளிகள் உண்டு. நட்சத்திரம் தன்னைத்தானே சுற்றும்போது அவை வந்து போவதால் கோடு அலை அலையாக ஏறி இறங்கும். லைட்கர்வில் இந்த அலையை நீக்கித் தட்டையாக்க ஒரு கட்டளை இருக்கிறது. எத்தனை புள்ளிகளைச் சேர்த்துச் சராசரி பார்ப்பது என்று ஒரு எண்ணைக் கேட்கும். அந்த எண்ணைச் சின்னதாகக் கொடுத்தால் மென்பொருள் கோளையும் சேர்த்து வழித்துவிடும், அரிசி களைந்த தண்ணீரோடு அரிசியையும் கொட்டிவிடுவது போல.

சராசரி எடுக்கும் அந்த நீளம் பள்ளத்தின் அகலத்தைப் போலக் குறைந்தது மூன்று மடங்காவது இருக்கட்டும். நம் கோள் கடக்கும் நேரம் மூன்று மணிக்குச் சற்று மேல். ஆக பத்து மணி நேரம் என்று வைத்தால் 2 நிமிடப் பதிவில் 300 புள்ளிகள். ஒற்றைப்படை எண்ணைத்தான் கேட்கும், 301 என்று கொடுங்கள்.

புடவை மடிப்பு

பள்ளங்களுக்கு இடையே உள்ள நாட்களை அளவுகோலால் அளந்தாலே 3.5 என்று வந்துவிடும். இன்னும் துல்லியம் வேண்டும் என்றால் கணினியைத் தேடச் சொல்லலாம். பெட்டி வடிவப் பள்ளம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு சுற்றுக்காலமாகப் பொருத்திப் பார்த்து, எது நன்றாகப் பொருந்துகிறது என்று அது சொல்லும். லைட்கர்வில் அந்த வசதி உள்ளேயே இருக்கிறது. விடை 3.5247 நாளுக்குப் பக்கத்தில் வர வேண்டும்.

பிறகு மடிக்க வேண்டும். புட்டா போட்ட புடவையைச் சரியான அகலத்தில் மடித்தால் எல்லாப் புட்டாவும் ஒன்றின்மேல் ஒன்றாக விழும். ஒரு விரற்கடை தவறினால் கலைந்து நிற்கும். ஒளிப்பதிவும் அப்படியே. 3.5247 நாள் அகலத்தில் மடித்தால் எல்லாப் பள்ளங்களும் ஒரே இடத்தில் குவிந்து, இரைச்சல் அமுங்கி, அழகான ஒரு கிண்ணம் கிடைக்கும். 3.50 என்று மடித்துப் பாருங்கள், பள்ளம் பரவி வழிந்துவிடும். இந்தத் தவறை வேண்டுமென்றே ஒருமுறை செய்துவிடுவது நல்லது, கண் பழகும்.

கிண்ணத்தின் அடி முற்றிலும் தட்டையாக இல்லாமல் லேசாக வளைந்திருக்கும். பிழை அல்ல. நட்சத்திரத்தின் நடுப்பகுதி ஓரத்தைவிடப் பிரகாசம், எனவே கோள் நடுவில் இருக்கும்போது கொஞ்சம் அதிகமாக மறைக்கிறது.

பென்சில் கணக்கு

கிண்ணத்தின் ஆழம் ஏறக்குறைய 1.5 சதவீதம், அதாவது 0.015. சுண்டைக்காய் கணக்கைத் திருப்பிப் போடுங்கள்: 0.015-க்கு வர்க்கமூலம் எடுத்தால் 0.12. நட்சத்திரத்தின் ஆரத்தில் 0.12 பங்கு கோளின் ஆரம். இந்த நட்சத்திரம் சூரியனைப் போல 1.2 மடங்கு ஆரம் உள்ளது. பெருக்கினால் சூரியனில் 0.145. சூரியனின் ஆரத்தில் பத்தில் ஒன்று வியாழன். ஆக இந்தக் கோள் வியாழனைப் போல 1.4 மடங்கு பெரியது. ஓர வெளிச்சக் குறைவையும் சேர்த்து நிபுணர்கள் செய்த கணக்கில் 1.36-லிருந்து 1.38 வரை வருகிறது. பென்சிலுக்கு இது மோசமில்லை.

தொலைவுக்கு கெப்ளரின் மூன்றாம் விதி. சுற்றுக்காலத்தை ஆண்டாக மாற்றுங்கள்: 3.5247-ஐ 365.25-ஆல் வகுத்தால் 0.00965. அதை வர்க்கம் செய்து, நட்சத்திரத்தின் நிறையான 1.15-ஆல் (சூரியனின் நிறை 1 என்று கொண்டால்) பெருக்கி, கனமூலம் எடுங்கள். 0.0475 வரும். பூமிக்கும் சூரியனுக்கும் உள்ள தூரத்தில் இத்தனை பங்கு. கிலோமீட்டரில் 71 லட்சம். நம் புதன் சூரியனிலிருந்து சராசரியாக 5 கோடியே 80 லட்சம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. அதில் எட்டில் ஒரு பங்குத் தூரத்தில் வியாழனைவிடப் பெரிய ஒரு கோள் நட்சத்திரத்தை ஒட்டிச் சுற்றுகிறது!

இப்படி ஒரு கோள் இருக்கக்கூடும் என்று 1952-லேயே வானியலாளர் ஓட்டோ ஸ்ட்ரூவ் எழுதியிருந்தார். நட்சத்திரத்தை ஒட்டிச் சுற்றும் பெரிய கோள் இருந்தால் அது நட்சத்திரத்தை ஆட்டுவதையும் அளக்கலாம், மறைப்பதையும் அளக்கலாம் என்றார். நாற்பது வருடத்துக்கு மேல் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பெரிய கோள் என்றால் வியாழன் மாதிரி தொலைவில்தான் இருக்கும் என்று நம் வீட்டை வைத்தே ஊரைக் கணித்தார்கள்.

சந்தேகப்படக் கற்றுக்கொள்ளுங்கள்

இந்தத் தொழிலில் பாதிக்கு மேல் இதுதான் என்பேன். பள்ளத்தைக் கண்டுபிடிப்பது சுலபம். அது கோளால் வந்தது என்று நிறுவுவதுதான் கஷ்டம்.

என் கதையைச் சொல்கிறேன். பழகி மூன்று மாதம் ஆன சமயம். பட்டியலில் யாரும் குறித்திராத ஒரு நட்சத்திரத்தில் ஒரு சதவீதப் பள்ளம், சீரான இடைவெளி, மடித்தால் சுத்தமான கிண்ணம். ராத்திரி பன்னிரண்டு மணிக்கு வீட்டில் எல்லோரையும் எழுப்பாத குறை. மறுநாள் காலை, பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் என் அக்கா மகளிடம் திரையைப் பெருமையாகக் காட்டினேன். மடிக்காத வரைபடம் திறந்திருந்தது. அவள் இரண்டு நிமிடம் பார்த்துவிட்டு, "மாமா, இது ஒண்ணு ஆழமா இருக்கு, அடுத்தது கொஞ்சம் மேலாப்ல நிக்குது, மறுபடி ஆழமா இருக்கே" என்றாள்.

அவ்வளவுதான். கோள் போயிற்று. இரண்டு நட்சத்திரங்கள் ஒன்றையொன்று சுற்றிக்கொண்டிருந்தன. இது அதை மறைக்கும்போது ஆழமான பள்ளம், அது இதை மறைக்கும்போது ஆழம் குறைந்த பள்ளம். உண்மையான சுற்றுக்காலம் நான் நினைத்ததைப் போல இரண்டு மடங்கு. அவசரப்பட்டு மடித்ததால் இரண்டு பள்ளத்தையும் ஒன்றாகக் குழப்பிவிட்டிருந்தேன்.

அன்றிலிருந்து எந்தப் பள்ளத்தையும் கொண்டாடுவதற்கு முன் சிலவற்றைப் பார்த்துவிடுகிறேன். ஒற்றைப்படைப் பள்ளங்களைத் தனியாகவும் இரட்டைப்படைப் பள்ளங்களைத் தனியாகவும் மடித்து ஆழத்தை ஒப்பிடுவது முதல் வேலை. அடுத்து வடிவம்: கோள் என்றால் சரசரவென்று இறங்கி, அடியில் கொஞ்ச நேரம் தங்கி, சரசரவென்று ஏறும். கிண்ணமாக இல்லாமல் புனல் மாதிரி கூராக இருந்தால் ஒரு நட்சத்திரம் இன்னொன்றின் ஓரத்தை உரசிப் போகிறது என்று பெரும்பாலும் அர்த்தம். சில சமயம் கோளும் அப்படி உரசும் என்பதால் முடிவாகச் சொல்ல முடியாது. அப்புறம், இரண்டு பள்ளத்துக்கும் நடுவில் சின்னதாக இன்னொரு பள்ளம் இருக்கிறதா? கூடச் சுற்றும் தோழனும் தானே ஒளிர்கிறான் என்று பொருள். வெகு சூடான பெரிய கோள்களிலும் இது மிக லேசாகத் தெரியலாம், ஆனால் கண்ணுக்கு எடுப்பாகத் தெரிந்தால் நட்சத்திரம்தான்.

கடைசியாகப் பக்கத்து வீடு. டெஸ் கேமராவில் ஒரு படப்புள்ளி வானத்தில் 21 வில்நொடி (ஒரு வில்நொடி என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) அகலம். அதற்குள் பல நட்சத்திரங்கள் அடங்கிவிடும். நீங்கள் பார்க்கும் பிரகாசமான நட்சத்திரம் பரம சாதுவாக இருக்கும். அதற்கு அருகில் மங்கலாக ஒரு இரட்டை நட்சத்திரம் ஒன்றையொன்று மறைத்து, அதன் பெரிய பள்ளம் கலந்து நீர்த்து, சின்னப் பள்ளமாக உங்கள் கணக்கில் விழுந்திருக்கும். நட்சத்திரத்தைச் சுற்றியுள்ள படப்புள்ளிகளை ஒவ்வொன்றாக வரைந்து, பள்ளம் எதில் ஆழம் அதிகம் என்று பார்த்தால் குட்டு உடையும்.

அவசரப்பட்டவர்கள் வரிசையில் நான் கடைசியில் நிற்பவன். முன்வரிசையில் நிற்பவர் நம் சென்னைக்காரர் என்றே சொல்லலாம். கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் வானாய்வகத்தை நடத்திய கேப்டன் டபிள்யூ. எஸ். ஜேக்கப், 70 ஓபியூக்கி என்ற இரட்டை நட்சத்திரம் கணித்த பாதையிலிருந்து பிசகுவதைக் கவனித்தார். அங்கே கண்ணுக்குத் தெரியாத கோள் ஒன்று இருக்க மிகுந்த வாய்ப்பு உண்டு என்று 1855-ல் எழுதினார். வேற்று நட்சத்திரக் கோள் பற்றி அளவீட்டை வைத்துக்கொண்டு வைக்கப்பட்ட மிகப் பழைய வாதங்களில் ஒன்று அது. தவறு என்று பின்னால் தெரிந்தது. அந்த வானாய்வகம் இருந்த இடம் நுங்கம்பாக்கம். புயல் எச்சரிக்கை வரும்போது தொலைக்காட்சியில் காட்டுகிறார்களே, அதே வானிலை மைய வளாகம். 1792 என்று ஆண்டு பொறித்த, தமிழிலும் எழுத்து வெட்டிய கருங்கல் தூண் இன்னும் அங்கே நிற்கிறது.

ஆள் எவ்வளவு கனம்?

பள்ளம் கோளின் குறுக்களவைச் சொல்லும், எடையைச் சொல்லாது. எடைக்கு நட்சத்திரத்தின் ஒளியை நிறமாலையாகப் பிரிக்க வேண்டும். இதை வீட்டில் செய்வது கடினம், ஆனாலும் தெரிந்துகொள்ளுங்கள். பல கோள்கள் இந்தக் கட்டத்தில்தான் உறுதியாகின்றன.

கோள் நட்சத்திரத்தைச் சுற்றும்போது நட்சத்திரமும் லேசாக ஆடுகிறது. குழந்தையின் கையைப் பிடித்துச் சுற்றும் அப்பா நின்ற இடத்திலேயே சின்ன வட்டம் போடுவது போல. நட்சத்திரம் நம் பக்கம் வரும்போது அதன் நிறமாலைக் கோடுகள் நீலம் நோக்கியும், விலகும்போது சிவப்பு நோக்கியும் நகரும். 51 பெகாசியில் அந்த வேகம் நொடிக்கு 56 மீட்டர் அளவுதான், மணிக்கு 200 கிலோமீட்டர். கோடுகள் நகர்ந்தது ஒரு கோடியில் இரண்டு பங்கு. பிரான்சின் ஓட்-புரோவான்ஸ் வானாய்வகத்தில் எலோடி என்ற நிறமாலைமானியால் அதை அளந்த மிஷெல் மயோருக்கும் டிடியே கெலோவுக்கும் 2019-ல் நோபல் பரிசு கிடைத்தது. சுற்றுக்காலம் 4.23 நாள் என்று வந்தபோது அவர்களே முதலில் நம்பவில்லை, பெகாசஸ் வானத்தில் மறுபடி எழும்பும்வரை காத்திருந்து மீண்டும் அளந்தார்கள்.

வியாழன் சூரியனை ஆட்டுவது நொடிக்கு 12.5 மீட்டர். பூமி ஆட்டுவது 9 சென்டிமீட்டர், எறும்பு ஊர்வதற்குக் கொஞ்சம் மேல். இன்னொரு பூமியைத் தேடுகிறவர்களின் தலைவலி அங்கே இருக்கிறது.

நம் ஹெச்டி 209458-இன் ஆட்டத்தை வைத்துக் கணக்கிட்டால் கோளின் நிறை வியாழனில் 0.69. வியாழனைவிடப் பெரியது, ஆனால் எடை குறைவு. அடர்த்தி தண்ணீரில் மூன்றில் ஒரு பங்குதான் வருகிறது. அது பாறையாக இருக்க வழியே இல்லை, ஊதிப்போன வாயு உருண்டை. அளவும் எடையும் சேர்ந்தால்தான் ஒரு கோள் எதனால் ஆனது என்று பேசவே முடியும். இந்தியாவிலும் இந்த வேலை நடக்கிறது. ராஜஸ்தானின் மவுன்ட் ஆபுவில் 1.2 மீட்டர் தொலைநோக்கியோடு இணைத்த பாரஸ் நிறமாலைமானியைக் கொண்டு, அகமதாபாத் இயற்பியல் ஆராய்ச்சிக் கூடத்தின் குழு 2018-ல் ஒரு கோளை எடை போட்டு உறுதி செய்தது. பள்ளத்தை கெப்ளர் விண்கலம் கண்டது, எடை இங்கே போடப்பட்டது: பூமியைப் போல 27 மடங்கு.

ஒரு விஷயம் மட்டும் சொல்லிக் கடக்கிறேன். கோள் கடக்கும்போது நட்சத்திர ஒளியில் துளி அதன் வளிமண்டலத்தின் விளிம்பு வழியே வடிகட்டி வரும். அதைப் பிரித்துப் பார்த்து ஹெச்டி 209458-இன் கோளில் சோடியம் இருப்பதை ஹபிள் தொலைநோக்கியால் கண்டார்கள். வேற்றுக் கோள் ஒன்றின் காற்றை மனிதர் முகர்ந்தது அதுதான் முதல் முறை. 2022-ல் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கி, வாஸ்ப்-39 பி என்ற கோளில் கரியமில வாயுவைக் கண்டது.

மொட்டை மாடியிலிருந்து

தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு. 2000 செப்டம்பரிலேயே ஃபின்லாந்தின் நைரலா வானாய்வக அமெச்சூர்கள் ஹெச்டி 209458-இன் பள்ளத்தைத் தங்கள் கருவியால் பதிவு செய்துவிட்டார்கள். ஆகவே முடியும். ஆனால் நம் ஊரில் பெகாசஸ் உச்சிக்கு வரும் நேரம் வடகிழக்குப் பருவமழையும் வந்துவிடும். பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரை வானம் தெளிவு. அப்போது மகம் நட்சத்திரத்துக்குத் தெற்கே செக்ஸ்டன்ஸ் மண்டலத்தில் வாஸ்ப்-43 என்ற நட்சத்திரத்தைப் பிடியுங்கள். பள்ளம் 2.5 சதவீதம், கடப்பு ஒன்றேகால் மணி நேரத்துக்குள் முடிந்துவிடும், கோள் 19.5 மணி நேரத்துக்கு ஒருமுறை சுற்றுகிறது. மங்கலான நட்சத்திரம்தான், 12-ஆம் ஒளித்தரத்துக்கும் கீழே (ஒளித்தர எண் கூடக் கூட மங்கல்). எட்டு அங்குலத் தொலைநோக்கியும் கேமராவும் இருந்தால் முயலலாம்.

ஒரே நட்சத்திரத்தை மட்டும் அளக்காதீர்கள். அதே படத்தில் உள்ள இன்னும் நாலைந்து நட்சத்திரங்களையும் அளந்து, அவற்றோடு ஒப்பிட்டே ஒளியைச் சொல்லுங்கள். மெல்லிய மேகம் ஓடினால் எல்லாம் சேர்ந்து மங்கும், கோள் கடந்தால் ஒன்று மட்டும் மங்கும். கடப்பு தொடங்குவதற்கு முக்கால் மணி முன்பே படம் எடுக்கத் தொடங்கி, முடிந்த பிறகும் முக்கால் மணி எடுங்கள். கரை தெரியாமல் பள்ளத்தின் ஆழத்தை அளக்க முடியாது. கருவி இல்லாதவர்களுக்கும் நாசாவின் எக்ஸோபிளானட் வாட்ச் திட்டம் ரோபோ தொலைநோக்கிப் படங்களைக் கொடுத்து, ஆராயும் மென்பொருளையும் இலவசமாகத் தருகிறது.

இவற்றால் யாருக்கு என்ன லாபம் என்று கேட்கலாம். கண்டுபிடித்த கோள்களின் எண்ணிக்கை 6,000-ஐத் தாண்டிவிட்டது. ஒவ்வொன்றின் சுற்றுக்காலத்திலும் நூலிழைப் பிழை இருக்கிறது. நூறு சுற்று, ஆயிரம் சுற்று போனால் அந்த நூலிழை அரை மணி, ஒரு மணி என்று வளர்ந்து நிற்கும். ஜேம்ஸ் வெப் போன்ற கருவியின் நேரத்தை வாங்கியவர் கோள் கடக்கும் நேரத்துக்குச் சரியாகத் திரும்பிப் பார்க்க வேண்டும். பெரிய தொலைநோக்கிகளுக்கு இதைச் சரிபார்க்க நேரமில்லை. மொட்டை மாடிக்காரர்கள் அனுப்பும் கடப்பு நேரங்கள் அங்கே உதவுகின்றன.

அதனால் படம் எடுக்க உட்காரும்போது முதல் வேலையாக மடிக்கணினியின் கடிகாரத்தை இணைய நேரத்தோடு ஒத்துப் பாருங்கள். என் முதல் நல்ல பதிவு, மூன்று இரவு மேகத்துக்குப் பிறகு கிடைத்தது, நான்கு நிமிடம் பின்தங்கிய கடிகாரத்தில் எடுத்தது. ஆழம் சரி, வடிவம் சரி. நேரம் தப்பு என்பதால் அனுப்ப முடியாமல் இன்னும் என்னிடமே கிடக்கிறது.